கணக்கில் 3 முறை ஃபெயில்... அம்பாசிடரின் முன்சக்கரத்தில் ஒளிந்திருக்கும் இன்ஜினியர்: யார் இந்த அலெக் இசிகோனிஸ்?

கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ம் தேதி. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அம்பாசிடர் கார் சாலைக்கு வந்துவிட்டது. ஆக, மாவட்டத்துக்கும் காருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. சுசீந்திரம், பத்மநாபபுரம், திற்பரப்பு என்று சுற்றுலா வந்தவர்களையும், நாஞ்சில் நாட்டுக் கல்யாண வீடுகளின் மாப்பிள்ளை, பெண்ணையும் பல பத்தாண்டுகள் சுமந்தது அந்த வண்டிதான். 2014-ல் உற்பத்தி நின்றுபோனாலும், அதைத் தேடிப்பிடித்து வாங்கிப் புதுப்பிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அப்படிப் புதுப்பிக்கும்போது முதலில் கை வைப்பது பெரும்பாலும் சஸ்பென்ஷனில். முன்பக்கம் கொஞ்சம் தூக்கலாம், இல்லையென்றால் ஸ்டைலுக்காக இறக்கலாம், டீசல் இன்ஜின் மாட்டலாம். வேலை முடிந்து வண்டியை எடுத்தால் ஒரு பக்கமாக இழுக்கும். புது டயர் சில மாதத்திலேயே ஓரத்தில் மட்டும் தேய்ந்து நிற்கும். ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டுக்கொண்டு போனால், கடைசியில் ஒரு மனிதரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும். அவர் பெயர் அலெக் இசிகோனிஸ்.

மினி காரை உருவாக்கியவர் என்று உலகம் அவரைக் கொண்டாடுகிறது. ஆனால் நம்ம ஊர் சாலைகளுக்கு அவர் தந்தது வேறு.

தீயில் கருகிய ஊரிலிருந்து...

இசிகோனிஸ் பிறந்தது 1906 நவம்பர் 18-ல், ஸ்மிர்னா நகரத்தில். இன்று துருக்கியில் இஸ்மிர் என்று அழைக்கப்படும் துறைமுக ஊர் அது. அப்பா கான்ஸ்டன்டைன் கிரேக்க வம்சாவளி. கப்பல் இன்ஜின் வேலைகள் பார்க்கும் தொழிலகம் வைத்திருந்தார். அம்மா ஹுல்டா ஜெர்மானிய வம்சாவளி. தாத்தா காலத்திலேயே குடும்பத்துக்கு பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்திருந்தது. பின்னாளில் உயிரைக் காப்பாற்றியது அந்தக் காகிதம்தான்.

1922-ல் துருக்கிப் படைகள் ஸ்மிர்னாவுக்குள் நுழைந்தன. நகரம் பற்றி எரிந்தது. பிரிட்டிஷ் குடிமக்கள் என்பதால் இசிகோனிஸ் குடும்பத்தைக் கப்பலில் ஏற்றி மால்டா தீவுக்குக் கொண்டுபோனார்கள். சொத்தெல்லாம் போச்சு. மால்டாவிலேயே அப்பாவும் இறந்துவிட்டார். 1923-ல் அம்மாவும் பையனும் மட்டும் லண்டன் வந்து சேர்ந்தார்கள். அந்த அம்மா 1972-ல் இறக்கும் வரை மகன் அவருடனேயே வாழ்ந்தார். கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

லண்டனில் பாட்டர்சீ பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தார். வரைபடம் போடுவதில் புலி. கணக்கில் மட்டும் மூன்று முறை ஃபெயில். கடைசிவரை அவருக்குக் கணிதத்தோடு ஒத்துப்போகவே இல்லை. படைப்பாற்றல் உள்ளவனுக்கு அது எதிரி என்றே நினைத்தார். தோன்றியதைக் கையில் கிடைக்கும் தாளில் கிறுக்குவார். அந்தக் கிறுக்கலை அளவுகளோடு கூடிய வரைபடமாக மாற்ற ஜாக் டேனியல்ஸ் போன்ற திறமையான சகாக்கள் கிடைத்தது அவருடைய அதிர்ஷ்டம்.

இளைஞராக இருந்த காலத்தில் அம்மாவை சிங்கர் காரில் உட்கார வைத்து ஐரோப்பா சுற்றப் போனார். வழியெல்லாம் வண்டி மக்கர் செய்தது. ஒரு கார் எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு அந்தப் பயணமே அவருக்கு நல்ல பாடம்.

சொந்தக் காரைப் பிரித்த இளைஞர்

1930-களில் அவரிடம் ஒரு ஆஸ்டின் செவன் இருந்தது. பந்தயத்துக்கான அல்ஸ்டர் மாடல். அதன் முன்பக்க அமைப்பைத் தன் யோசனைப்படி பிரித்து மாற்றி மலையேற்றப் பந்தயங்களில் ஓட்டினார். இன்று பழைய கார் வைத்திருக்கும் இளைஞர்கள் செய்யும் அதே வேலைதான். கையில் காசு குறைவு, ஆசை அதிகம்.

அதோடு விடவில்லை. ஜார்ஜ் டவுசன் என்ற நண்பரோடு சேர்ந்து லைட்வெயிட் ஸ்பெஷல் என்றொரு பந்தயக் காரைக் கையாலேயே உருவாக்கினார். பல ஆண்டு வேலை. பிளைவுட்டில் அலுமினியத் தகடு ஒட்டிய உடல், ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர். எடை 300 கிலோவுக்கும் குறைவு. மினியில் ரப்பர் சஸ்பென்ஷன் வருவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே அந்த எண்ணம் இந்த வண்டியில் இருந்தது.

அந்தக் காலத்து கார்களில் முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்பு அச்சு இணைத்திருக்கும், மாட்டு வண்டி மாதிரி. இடது சக்கரம் குழியில் இறங்கினால் வலது சக்கரமும் சாயும். குறிப்பிட்ட வேகத்தில் இரண்டும் சேர்ந்து கிடுகிடுவென ஆடத் தொடங்கும். ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியாது. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்க வேண்டும் என்பதுதான் இதற்குத் தீர்வு. அதைத்தான் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் என்கிறார்கள். 1934-ல் ஹம்பர் நிறுவனத்திலும், 1936 முதல் மோரிஸ் நிறுவனத்திலும் இசிகோனிஸ் மூழ்கிக் கிடந்தது இந்த வேலையில்.

பாதியாக வெட்டப்பட்ட கார்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, போருக்குப் பிறகு விற்பதற்கான ஒரு சின்ன காரை அவர் வரையத் தொடங்கிவிட்டார். ரகசியப் பெயர் மஸ்கிட்டோ, அதாவது கொசு. 1948 அக்டோபரில் லண்டன் கண்காட்சியில் அது மோரிஸ் மைனர் என்ற பெயரில் வெளிவந்தது.

வெளியாவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு வேடிக்கை நடந்தது. தயாரான காரைப் பார்த்த இசிகோனிஸுக்கு அகலம் போதவில்லை என்று பட்டது. மாதிரி வண்டியை நடுவில் நீளவாக்கில் வெட்டி, இரண்டு பாதியையும் விலக்கிப் பார்த்தார். 4 அங்குலம் விலகியதும் திருப்தி. ஏற்கெனவே அடித்து வைத்திருந்த பம்பர்களை என்ன செய்வது? அதையும் நடுவில் வெட்டி, இடையில் 4 அங்குலத் துண்டு வைத்து மூடினார்கள். ஆரம்பகால மைனர்களில் அந்த ஒட்டுத் துண்டைப் பார்க்கலாம். பானெட் நடுவில் ஓடும் தட்டையான பட்டையும் அதே 4 அங்குலத்தின் தடயம்தான்.

நிறுவன முதலாளி லார்டு நஃபீல்டுக்கு அந்தக் கார் துளியும் பிடிக்கவில்லை. தோலுரித்து வேகவைத்த முட்டை போல இருக்கிறது என்று கேலி செய்தார். அதே முட்டைதான் பிரிட்டனில் 10 லட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் கார் ஆனது. யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் என்றால் இன்றும் தனி மரியாதை உண்டு. போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது, சில துளி பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய பழைய பிரிட்டிஷ் கார்களில் மைனரும் ஒன்று.

முன்சக்கரத்தில் என்ன புதுமை?

மைனரின் முன்பக்கத்தில் வில் போன்ற பட்டைகளும் இல்லை, சுருள் ஸ்பிரிங்கும் இல்லை. இரண்டு பக்கமும் நீளமான இரும்புக் கம்பிகள் மட்டும் உண்டு. பெயர் டார்ஷன் பார். கம்பியின் பின்முனை காரின் அடியில் அசையாமல் பிடிக்கப்பட்டிருக்கும். முன்முனை சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையோடு சேர்ந்திருக்கும். சக்கரம் மேலே ஏறினால் கம்பி முறுக்கிக்கொள்ளும், பள்ளம் தாண்டியதும் முறுக்கு அவிழும். ஈரத்துணியைப் பிழிந்துவிட்டுக் கையைத் தளர்த்தினால் என்ன நடக்குமோ அதுதான். பிரான்ஸின் சிட்ரோயன் 1934-லேயே இதைப் பயன்படுத்தியிருந்தது; இசிகோனிஸ் அந்தக் காரின் ரசிகர்.

கூடவே ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங். பல்வரிசை கொண்ட ஒரு தண்டை ஒரு சின்னப் பல்சக்கரம் நேரடியாக இடம் வலமாக நகர்த்தும். இடையில் நெம்புகோல்கள் குறைவு என்பதால் ஆட்டமும் குறைவு. இன்று ஏறத்தாழ எல்லா சின்ன கார்களிலும் இருப்பது இதுதான்.

அதே ஆண்டு வந்த பெரிய அண்ணன் மோரிஸ் ஆக்ஸ்போர்டு எம்.ஓ. காருக்கும் இதே டார்ஷன் பார், இதே ஸ்டீயரிங் கிடைத்தது. நம்ம கதை இங்கேதான் திரும்புகிறது.

அம்பாசிடரை வடிவமைத்தது இவரா?

ஆமாம் என்று பலர் சொல்வார்கள். முழுசாக ஆமாம் என்று சொல்ல முடியாது.

பிர்லா குடும்பத்தின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-ல் தொடங்கப்பட்டது. மோரிஸ் கார்களைத்தான் பெயர் மாற்றி இங்கே தயாரித்தார்கள். மைனர் இங்கே பேபி ஹிந்துஸ்தான் ஆனது, ஆக்ஸ்போர்டு எம்.ஓ. ஹிந்துஸ்தான் 14 ஆனது. அடுத்து வந்த ஆக்ஸ்போர்டு சீரிஸ் 2 லேண்ட்மாஸ்டர் ஆனது. சீரிஸ் 3 தான் அம்பாசிடர்.

இதில் சீரிஸ் 2 வெளிவந்தது 1954-ல். இசிகோனிஸ் 1952-லேயே நிறுவனத்தை விட்டு ஆல்விஸுக்குப் போய்விட்டார். ஆனாலும் அவர் விட்டுச்சென்ற டார்ஷன் பாரும் ரேக் அண்ட் பினியனும் புதிய ஆக்ஸ்போர்டுகளில் அப்படியே தொடர்ந்தன. அங்கிருந்து உத்தர்பாரா தொழிற்சாலை வழியாக அம்பாசிடருக்குள் வந்தன. ஆக, அம்பாசிடரின் உடலை அவர் கணக்கில் எழுதுவது கொஞ்சம் ஓவர். முன்கால்கள் அவருடைய பரம்பரை என்று தாராளமாகச் சொல்லலாம்.

உயரத்தை மாற்றினால் ஏன் வண்டி இழுக்கிறது?

டார்ஷன் பாரில் ஒரு பெரிய வசதி உண்டு. ஸ்பிரிங்கை வெட்ட வேண்டாம், மாற்ற வேண்டாம். கம்பியின் பிடிமானத்தைக் கொஞ்சம் நகர்த்திப் பூட்டினாலே முன்பக்கம் ஏறும் அல்லது இறங்கும். எளிது என்பதாலேயே பலர் இதோடு வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள்.

முடியவில்லை. சக்கரத்தைத் தாங்கும் கை ஒரு வளைவில் ஏறி இறங்குகிறது. சக்கரத்தைத் திருப்பும் டை ராடு இன்னொரு வளைவில் ஏறி இறங்குகிறது. கார் அதற்குரிய உயரத்தில் நிற்கும்போது இந்த இரண்டு வளைவும் ஒத்துப்போகும்படிதான் அமைத்திருப்பார்கள். உயரத்தை மாற்றியதும் ஒத்துப்போகாது. டை ராடு சக்கரத்தைத் தள்ளும் அல்லது இழுக்கும். நேராகப் பார்க்க வேண்டிய சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கத் தொடங்கும். டயர் உருளாமல் பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகும். அளவுக்கு மீறி இறக்கினால், ஒவ்வொரு குழியிலும் வண்டி தானாகவே திரும்பப் பார்க்கும்.

நிறுத்தி வைத்த காரை மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிட லேசாக நெருங்கியிருக்க வேண்டும். இதை டோ-இன் என்பார்கள். மைனருக்கு அது 3/32 அங்குலம், அதாவது சுமார் 2.4 மில்லிமீட்டர் மட்டுமே. பின்சக்கரம் தள்ளி ஓடும் காரில் சாலையின் உராய்வு முன்சக்கரங்களை வெளிப்பக்கம் விரிக்கப் பார்க்கும். மூட்டுகளில் உள்ள சின்ன ஆட்டமெல்லாம் அந்தப் பக்கம் சாயும். முன்கூட்டியே கொஞ்சம் உள்ளே திருப்பி வைத்தால், ஓடும்போது நேராகிவிடும். இந்த 2.4 மில்லிமீட்டர் போய் சக்கரம் வெளியே பார்க்கத் தொடங்கினால், வண்டி நேர்ச்சாலையில் அலையும். முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் பக்கக் காற்றில் அப்படிப்பட்ட வண்டியை ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால்தான் வேலையின் வரிசை முக்கியம். முதலில் தேய்ந்த புஷ், மூட்டுகளைச் சரிசெய்ய வேண்டும். ஆட்டம் உள்ள மூட்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் பார்ப்பது வீண். அடுத்து டயர் காற்று. பிறகு இரண்டு பக்க உயரமும் சமமா என்று பார்ப்பது. பல ஆண்டு டிரைவர் மட்டும் தனியாக ஓட்டிய வண்டியில் வலது கம்பி அதிகம் தளர்ந்திருக்கலாம். பழகிய கம்பிகளை இடம் வலம் மாற்றிப் போடவும் கூடாது. ஒரு திசையில் முறுக்கிப் பழகிய இரும்பு எதிர்த்திசையில் உடையலாம். ஜாக்கியிலிருந்து இறக்கிய வண்டியை அப்படியே அளக்காமல், முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, அமுக்கிவிட்டு உட்கார வைக்க வேண்டும். டோ-இன் பார்ப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான்.

கம்ப்யூட்டர் மெஷின் இல்லாத இடத்திலும் இதைச் செய்யலாம். அச்சு உயரத்தில் இரண்டு டயரின் பின்பக்கமும் சாக்பீஸால் குறித்து இடைவெளியை அளக்க வேண்டும். பிறகு அந்தக் குறிகள் முன்பக்கம் வரும்வரை வண்டியைத் தள்ளி மறுபடி அளக்க வேண்டும். முன் அளவு எவ்வளவு குறைகிறதோ அதுதான் டோ-இன். ஒரே புள்ளியை இரண்டு முறை அளப்பதால், ரிம் லேசாக வளைந்திருந்தாலும் கணக்கு தப்பாது. திருத்தும்போது இரண்டு டை ராடையும் சம அளவு திருக வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் திருகினால் அளவு சரியாக வரும், ஸ்டீயரிங் வீல் கோணலாக நிற்கும், இரண்டு பக்கமும் திரும்பும் அளவும் வேறுபடும்.

கேம்பர், காஸ்டர் இரண்டையும் மைனரில் திருகிச் சரிசெய்ய வழியே வைக்கவில்லை. அவை கெட்டிருந்தால் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது என்று அர்த்தம். மைனரின் முன்பக்கத்தில் ஷாக் அப்சார்பரின் கையே மேல் கையாகவும் வேலை செய்கிறது. அது ஆடினால் சக்கரமும் சாயும்.

இந்த அமைப்பில் ஒரு ஆபத்தும் உண்டு. சக்கரம் திரும்பும் இடத்தில், மேலும் கீழும் மரையுள்ள ட்ரன்னியன் மூட்டுகள் இருக்கின்றன. ஒழுங்காக கிரீஸ் அடிக்காவிட்டால் கீழ் மூட்டின் மரை தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும். சக்கரம் மடங்கி, வண்டி அந்த மூலையில் தரையில் உட்கார்ந்துவிடும். மைனர் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பயம் இது. குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை பக்கம் வளைவில் இறங்கும்போது நடந்தால் என்ன ஆகும்? அலைன்மென்ட் பார்ப்பதற்கு முன் கிரீஸ் கன்னை எடுக்கச் சொல்வது அதனால்தான். ஒவ்வொரு மாடலுக்கும் அளவு வேறு. அம்பாசிடருக்கு அதன் மேனுவலில் உள்ள அளவையே பின்பற்ற வேண்டும்.

மினியில் எல்லாம் தலைகீழ்

1955-ல் லியோனார்டு லார்டு அழைத்ததும் இசிகோனிஸ் பழைய இடத்துக்குத் திரும்பினார். மோரிஸும் ஆஸ்டினும் அதற்குள் இணைந்து பி.எம்.சி. ஆகியிருந்தன. 1956-ல் சூயஸ் நெருக்கடி. பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன். குறைந்த எரிபொருளில் ஓடும், ஆனால் நாலு பேர் ஒழுங்காக உட்காரும் கார் வேண்டும் என்று உத்தரவு வந்தது.

10 அடி நீளம். அதில் பெரும்பகுதி பயணிகளுக்கு. இன்ஜினைக் குறுக்காகத் திருப்பினார். கியர்பாக்ஸை இன்ஜினுக்கு அடியிலேயே நுழைத்தார். முன்சக்கரங்களையே இழுக்க வைத்தார். 10 அங்குலச் சக்கரங்கள். நண்பர் அலெக்ஸ் மோல்டன் ரப்பர் கூம்பு சஸ்பென்ஷன் செய்து கொடுத்தார். 1959 ஆகஸ்ட் 26-ல் மினி வெளிவந்தது. ஆரம்பத்தில் மழை பெய்தால் தரைத்தகடு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது என்பது வேறு கதை.

அலைன்மென்ட்டைப் பொறுத்தவரை மைனரும் மினியும் எதிரெதிர். மினிக்கு டோ-இன் கிடையாது; 1/16 அங்குலம் டோ-அவுட். காரணம் எளிது. முன்சக்கரங்களே வண்டியை இழுப்பதால், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அவை உள்ளே திரும்பப் பார்க்கும். அதனால் முன்கூட்டியே லேசாக வெளியே திருப்பி வைக்கிறார்கள். ஒரு காரின் அளவை இன்னொரு காருக்கு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, ஒரே மனிதர் உருவாக்கிய இந்த இரண்டு கார்களே போதும்.

மினியின் ரப்பர் கூம்புகள் வயதாக ஆக அமுங்கி, வண்டி தாழும். புதுக் கூம்பு போட்டால் திடீரென்று உயரும். இரண்டு நேரத்திலும் மறுபடி டோ பார்க்க வேண்டியதுதான்.

பந்தயக் கார் கட்டும் ஜான் கூப்பர் இதில் வேகத்தைக் கூட்டலாம் என்று வந்தபோது, இது சாமானியர்களுக்கான கார் என்று இசிகோனிஸ் தயங்கினார். ஆனாலும் 1961-ல் மினி கூப்பர் வந்தது. 1964, 1965, 1967 என மூன்று முறை மான்டி கார்லோ ராலியை வென்றது. மொத்தம் 50 லட்சத்துக்கும் மேல் மினிகள் தயாராகின. ஆனால் ஃபோர்டு நிறுவனம் ஒரு மினியை வாங்கி அக்கக்காகப் பிரித்துச் செலவைக் கணக்குப் போட்டபோது, பி.எம்.சி. ஒவ்வொரு வண்டியையும் நஷ்டத்துக்கு விற்கிறது என்ற முடிவுக்கு வந்தது. கணக்கில் ஃபெயிலானவரின் கார் என்று சிரிக்கலாம்தான். விலையை முடிவு செய்தது அவர் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிடிவாதக்காரர்

மார்க்கெட் ஆராய்ச்சியில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. காரில் ரேடியோ எதற்கு என்பார். இருக்கை ரொம்ப சொகுசாக இருந்தால் டிரைவருக்குக் கவனம் போய்விடும் என்று நினைத்தார். அந்தப் பிடிவாதம் மினியைத் தந்தது. அதே பிடிவாதம் பின்னால் வந்த பெரிய கார்களை அழகில்லாமலும் ஆக்கியது. 1969-ல் வந்த மேக்ஸி அவருடைய கடைசி உற்பத்திக் கார். அது பெரிதாகப் போகவில்லை. அதே ஆண்டு அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1967-லேயே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியிருந்தது.

1971-ல் ஓய்வு பெற்றாலும் ஆலோசகராகத் தொடர்ந்தார். கடைசிக் காலத்தில் உடல் ஒத்துழைக்கவில்லை. 1988 அக்டோபர் 2-ல் பர்மிங்காமில் அவர் இறந்தபோது வயது 81. அன்றைக்கு மினியும் தயாரிப்பில் இருந்தது. கொல்கத்தா அருகே உத்தர்பாராவில் அம்பாசிடரும் தயாரிப்பில் இருந்தது. மினி 2000-ல் நின்றது. அம்பாசிடர் அதற்குப் பிறகும் 14 ஆண்டு தாக்குப்பிடித்தது.